கருத்தடை மாத்திரைகளும் எலும்பு மஜ்ஜையும்

“இம்மாத்திரை இரத்தத்தை வற்றச் செய்துவிடுமோ?” என்று சுகாதார ஊழியரிடம் வினவும் பெண்கள் உளர். இதனை அறியாமை எனத் தள்ளுதல் முறையன்று; இவ்வச்சத்திற்கு ஓர் அடிப்படை உண்டு.

இரத்தத்திலுள்ள சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றும் எலும்புகளினுள் அமைந்த செம்மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. நாய்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை மிகையாகச் செலுத்தினால், இம்மஜ்ஜை தன் தொழிலை நிறுத்திவிடுகிறது. முதலில் தட்டணுக்கள் குன்றுகின்றன. பின்னர் இரத்தக் கசிவும் சோகையும் தோன்றி விலங்கு மடிவதும் உண்டு. ஃபெரெட் எனப்படும், கீரியைப் போன்ற சிறு பிராணியின் நிலை இன்னும் வியப்பானது. ஆணுடன் சேராத பெட்டை நெடுநாள் பருவ நிலையிலேயே இருக்குமாயின், அதன் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனே மஜ்ஜையைக் கெடுத்துவிடும். விலங்கில் கண்ட விளைவை அப்படியே மனிதருக்கு ஏற்றிக் கூறலாகாது என்பதை மாணவர்க்கு விளக்க ஆசிரியருக்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஏனெனில் மனித மஜ்ஜை அவ்வாறு எளிதில் நலிவதில்லை. 1960இல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது முதல், கோடிக்கணக்கான பெண்கள் இவற்றை உட்கொண்டு வந்துள்ளனர். மாத்திரையே மஜ்ஜை நோய்க்குக் காரணம் என்பது நிலைநாட்டப்படவில்லை. அரசு வழங்கும் மாலா-என் மாத்திரையில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராம் மட்டுமே. அட்டையிலுள்ள 28இல் 7 இரும்புச் சத்து மாத்திரைகள். மாதவிலக்கில் போகும் இரத்தமும் குறைவதால், சோகையுள்ள பெண்ணுக்கு இது நன்மையாகவே முடிகிறது.

உண்மையான அபாயம் வேறு திசையில் உள்ளது. மஜ்ஜையில் முன்பே நோயுள்ள பெண் இம்மாத்திரையை உட்கொள்வதே அது. பாலிசைத்தீமியா என்னும் நோயில் மஜ்ஜை அளவுமீறி அணுக்களை ஆக்குவதால் இரத்தம் தடிக்கிறது. ஈஸ்ட்ரோஜனோ இரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுவது. இரண்டும் சேருமிடத்து, கல்லீரலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரைகள் அடைபட்டு, வயிறு வீங்கி, உயிருக்கே இடர் நேரலாம். அடைப்பு ஏற்பட்ட பின்னரே மஜ்ஜை நோய் வெளிப்படுவதும் உண்டு. 2005இல் கண்டறியப்பட்ட ஜாக்-2 மரபணு மாற்றத்தை இரத்தப் பரிசோதனையால் அறியலாம் என்பது பேருதவியாயிற்று. காலையில் சிறுநீர் கறுத்து இறங்கும் அரிய மஜ்ஜை நோயிலும் இத்தகைய அடைப்பு நேர்வதுண்டு.

ஆயினும் ஹார்மோன் அனைத்தும் விலக்கு எனக் கொள்வது பிழை. மஜ்ஜை நலிந்து தட்டணு குறைந்த பெண்ணுக்கு மாதவிலக்கு பெருகும்போது, அதனை அடக்க மருத்துவர் புரோஜெஸ்டோஜனையே நாடுவர். தசையில் இடும் ஊசி மட்டும் அத்தகையோருக்கு ஏற்றதன்று. குத்திய இடத்தில் இரத்தம் கட்டும்.

ஆகவே மாத்திரை வழங்குமுன் ஊழியர் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும்: முன்பு காலிலோ வயிற்றிலோ இரத்தம் உறைந்து அடைத்ததுண்டா, காலையில் சிறுநீர் கறுக்கிறதா, குளித்தபின் உடலெங்கும் அரிப்பு எழுகிறதா, காரணமின்றி ஈறு கசிகிறதா. ஆம் எனில் அப்பெண்ணை மருத்துவரிடம் அனுப்புக. வெறுங்கையுடன் அனுப்பலாகாது, அதுவரை ஆணுறையேனும் தருக. கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றை ஒட்டிய வாரங்களிலும் இரத்தம் உறையும் அபாயம், மாத்திரையால் நேர்வதினும் மிகுதி.