தீவாந்தரம் போன முன்னோரைத் தேட சில சுலப வழிகள்

தாத்தாவுக்குத் தாத்தா ஒருத்தர் தண்டனை வாங்கிக் கப்பலேறினார், திரும்பவே இல்லை என்று உங்கள் வீட்டில் பேச்சு உண்டா? வெட்கப்படாமல் தேடுங்க. சாதுவாக ஊரிலேயே இருந்தவரைவிடக் கைதிக்குத்தான் சர்க்கார் காகிதம் அதிகம்!

1. நம்ம காஞ்சிபுரத்து வைகாசி கருடசேவைக்குச் சொந்தபந்தம் வீட்டில் கூடும்போதே பெரியவர்களிடம் விசாரித்துவிடுங்க, பஸ் காசு மிச்சம். அப்பா பெயர், மச்சம், தழும்பு எதையும் விடாதீங்க. கைதிப் பட்டியலில் ஆளை அடையாளம் காட்டுவது அவைதான்.

2. பழைய ஆவணத்தில் 'காஞ்சிபுரம்' என்று தேடினால் கிடைக்காது. 'காஞ்சீவரம்', மாவட்டத்துக்கு 'சிங்கில்பட்' என்று ஆங்கிலத்தில் தேடுங்க. சுப்பராயன் 'சூபராயென்' ஆகியிருப்பார், வாய்விட்டுப் படித்துப் பாருங்க.

3. காலம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1858க்குப் பிறகு என்றால் அந்தமானில் தொடங்குங்க. அதற்கு முன்பு என்றால் பினாங்கு, பென்கூலன், சிங்கப்பூர்.

4. பென்கூலனோடு தடம் நின்றுபோனால் சோர வேண்டாம். அந்த ஊர் டச்சுக்காரர் கைக்குப் போனதால், 1825 ஏப்ரல் முதல் அங்கிருந்த கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். அங்கே புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியது நம் நாட்டுக் கைதிகள்தான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பூசிய சென்னைக் காரை அது! சிங்கப்பூர் கைதி முகாம் 1873இல் மூடப்பட்டது, அதற்கு மேல் அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

5. டெல்லிக்கு டிக்கெட் போடுமுன் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தைப் பாருங்க. அந்தமானின் போர்ட் பிளேர் கோப்புகள் பலவும் அதில் இலவசம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள்களையும் போனிலேயே படிக்கலாம்.

6. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ஆட்டோ செலவே இல்லை. அடையாள அட்டையோடு பென்சிலும் எடுத்துப் போங்க, பழைய தாள் பக்கத்தில் பேனாவைத் திறக்க விடமாட்டார்கள். வருடமும் மாவட்டமும் குறித்துக்கொண்டு போனால் கோப்பு சீக்கிரம் கைக்கு வரும்.

7. வீட்டுப் பழைய பத்திரத்தை லேமினேஷன் போடவே போடாதீங்க, பிறகு பிரிக்க முடியாது. போட்டோ எடுத்துக்கொண்டு, கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணியில் மடிக்காமல் சுற்றி வையுங்க. காஞ்சிபுரமாச்சே என்று பட்டில் சுற்ற ஆசை வரும், சாயம் தாளில் ஏறிவிடும்.