காரை எவ்வளவு தாழ்த்தலாம்?

சென்ற மாதம் அல்சூரில் எங்கள் வீட்டிற்கு வந்த அக்காள் மகன், "மாமா, காரை நாலு சென்டிமீட்டர் இறக்கப் போறேன். ஸ்பிரிங்கில் ரெண்டு சுற்று வெட்டினால் போதுமாம்" என்றான். அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். வாலிபப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உதவும்.

எட்டுச் சுற்று ஸ்பிரிங் ஒன்று 25 கிலோ பாரத்திற்கு 1 செ.மீ. அமுங்குகிறது என்று கொள்வோம். இரண்டு சுற்றை வெட்டினால், அதே 1 செ.மீ. அமுங்க சுமார் 33 கிலோ வேண்டும். விறைப்பு கூடுவது தப்பில்லை. தாழ்ந்த வண்டியில் சக்கரம் மேலேற இடம் குறைவு, ஆகவே விறைப்பு தேவைதான். ஆபத்து வெட்டிய முனையில் இருக்கிறது. அது தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து நகரும். காஸ் வைத்து வெட்டினால் எஃகின் பதமும் போகும். தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங், சக்கரம் முழுதும் தொங்கினாலும் தட்டை விடாது.

இனி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 2.4 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் அதன்மேல் நிற்கும்போது அடிவயிற்றின் கீழ் மேடு சுமார் 4 செ.மீ.தான் எழும். நம் தெருக்களில் உள்ளவையோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்பவை! அங்கே 10 செ.மீ.யும் அப்படியே எழும். தரையிலிருந்து 17 செ.மீ. இருந்த கார் தாழ்த்தியபின் 13. நாலு பேர் ஏறினால், சக்கரத்திற்கு 70 கிலோ வீதம், இன்னும் 2 போகும். மிச்சம் ஒரே செ.மீ. வண்டி சற்றுக் குதித்தாலும் அடி தட்டும்.

மாட்டும் வேலையில் ஓர் எச்சரிக்கை. ஸ்டிரட்டைக் கழற்றி வெளியே எடுத்த பிறகும் ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கும். கம்ப்ரஸர் கருவியை இருபுறமும் மாட்டி, சம அளவில் முறுக்கி, ஸ்பிரிங் தட்டில் தளர்ந்த பிறகே மேல் நட்டைத் தொட வேண்டும். அவசரப்பட்ட ஒரு பட்டறையில் ஸ்பிரிங் என் காதோரம் பறந்து தகரச் சுவரை நெளித்ததை நான் பார்த்திருக்கிறேன். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட், முகப்பு விளக்கின் கோணம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

"ரெண்டு சென்டிமீட்டர் போதும் மாமா" என்று ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்பினான். தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னதைக் கூறி, முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்கு அனுப்பி வைத்தேன்.