கணுக்காலில் படரும் கருமை

கடலூர் மாவட்டம் யானைக்கால் நோயை நெடுங்காலம் கண்ட மாவட்டம். அதற்கான மாத்திரை ஆண்டுதோறும் வீடு வீடாக வழங்கப்பட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். ஆகவே, பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் கால் வீங்கினால் முதலில் எழும் அச்சம் யானைக்கால் பற்றியதே. கணுக்காலருகே புண் தோன்றினாலோ, அது சர்க்கரைப் புண் என்று முடிவு செய்யப்படுகிறது. இவ்விரண்டுமல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது காலின் சிரைகளில் குருதி தேங்குவது.

இதயத்திலிருந்து காலுக்குக் குருதி இறங்குவது எளிது. திரும்ப மேலேறுவதே கடினம். அந்தப் பணியைச் செய்வது கெண்டைக்கால் தசை. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் அது சுருங்கிச் சிரையைப் பிழிந்து குருதியை மேலே தள்ளுகிறது. தள்ளிய குருதி கீழே இறங்காதபடி சிரைகளுக்குள் சிறு வால்வுகள் உள்ளன. குருதி சிரைகளில் இதயத்தை நோக்கியே செல்கிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், கையில் கட்டுப்போட்டு வால்வுகளைப் புடைக்கச் செய்தே விளக்கினார்.

நம் பகுதி உழவர்களுக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. ஓதம் ஏறும்போது உப்புநீர் வாய்க்கால் வழியே வயலுக்குள் புகாமல் தடுக்கும் மதகுக் கதவு பழுதானால் பயிர் என்னவாகும் என்பதை அவர்கள் அறிவர். சிரையின் வால்வு பழுதானால் தோலுக்கும் அதுவே நேர்கிறது. அசையாமல் நிற்கும்போது பாதச் சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். நலமான காலில், சில அடிகள் நடந்ததும் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை.

இதன் முதல் அறிகுறி, புடைத்து நெளியும் சிரைகள். மக்கள் இதனை ‘நரம்பு சுருட்டல்’ என்பர்; உண்மையில் நரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாலையில் கால் கனத்து வீங்கும். இரவு படுத்தெழுந்தால் பெரும்பாலும் வடிந்திருக்கும். முற்றிய யானைக்கால் வீக்கம் அவ்வாறு எளிதில் வடிவதில்லை. அதில் புறங்காலும் விரல்களும் சேர்ந்து தடிக்கும். அடுத்து, கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே தோல் பழுப்பேறிக் கருக்கிறது. கசிந்த சிவப்பணுக்களின் இரும்புச்சத்து அங்கே படிவதே இதற்குக் காரணம். அரிப்பு உண்டாகித் தோல் இறுகும். இந்நிலையில் கொசுக்கடியைச் சொறிந்தாலும் போதும், மாதக்கணக்கில் ஆறாத புண் தோன்றிவிடும். கருமை தோன்றிய நாளிலேயே மருத்துவரிடம் காட்டுவது நன்று. அது அழகு பற்றிய குறையன்று.

தேநீர்க் கடையிலும் துணிக்கடையிலும் நாள் முழுதும் நிற்போர், பலமுறை கருவுற்ற பெண்கள், உடற்பருமன் உடையோர், குடும்பத்தில் இந்நோய் உள்ளோர் ஆகியோருக்கு இது மிகுதி. உப்பங்கழியில் இடுப்பளவு நீரில் நின்று இறால் பிடிப்பதால் நோய் வந்தது என்று சிலர் கருதுகின்றனர். நீரின் அழுத்தம் உண்மையில் காலை இதமாகப் பிழிந்து வீக்கத்தைக் குறைக்கிறது. இடர் தருவது, கரையேறிய பின் அசையாமல் நிற்பதே. புண் இருப்பவர் மட்டும் சேற்று நீரில் இறங்கலாகாது.

சிரைப் புண்ணுக்கு மேற்பூச்சு மருந்து மட்டும் போதாது. அதனை ஆற்றுவது அழுத்தக் கட்டே. ஆயினும், சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்போரும் தாமாகவே இறுகக் கட்டிக்கொள்ளலாகாது. தமனிகளில் அடைப்பு இருப்பின் அக்கட்டே காலைக் கெடுத்துவிடும். முதலில் டாப்ளர் பரிசோதனை தேவை. அழுத்தக் காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு எழுமுன் அணிந்து இரவில் கழற்ற வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது எளிதன்று என்பதை அறிவோம். முழங்கால் வரையுள்ள உறையே பெரும்பாலோர்க்குப் போதும். படுத்திருக்கையில் காலை இதய மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

பழுதுற்ற சிரையை லேசர் அல்லது வெப்பக் கதிர் கொண்டு அடைக்கவும் இயலும். புண் ஆறிய பிறகே அதைச் செய்வது முன்பு வழக்கமாயிருந்தது. 2018இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், 450 நோயாளிகளுள் தொடக்கத்திலேயே சிரையை அடைத்துக்கொண்டோரின் புண் ஆற எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 56 நாள். தாமதித்தோருக்கு 82 நாள். இரு பிரிவினருக்கும் அழுத்தக் கட்டு இடப்பட்டிருந்தது. தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அந்த 26 நாள் சிறிதன்று.

குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய அவசர நிலைகள் இரண்டு. புடைத்த சிரை வெடித்துக் குருதி பீறிட்டால், நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தித் தூய துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடியுங்கள். மேலே கயிறு கட்டினால் குருதி இன்னும் மிகுதியாக வெளியேறும்.

மற்றொன்று, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்துச் சூடாவது. அறுவை சிகிச்சை, பிரசவம், மாவுக்கட்டு, நெடுநாள் படுக்கை ஆகியவற்றின் பின் இவ்வாறு நேர்ந்தால், ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கக்கூடும். சுளுக்கு என்றெண்ணி எண்ணெய் தேய்த்து உருவி விடாதீர்கள். உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஊறு நேரும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்திருந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.