வாடகைக்கு விடுமுன்...

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களுக்கு மூன்று அறை வீடு இருக்கிறது. நாங்கள் வேறு வீட்டுக்குப் போகிறோம். ஹாலைத் தடுத்து ஐந்து மாணவர்களுக்கு விடலாமா? சொந்த வீடுதானே?

சொந்த வீடுதான். ஆனால் தச்சரை இப்போதே கூப்பிடாதீர்கள். உங்களுக்கு இரண்டு தனித்தனி அனுமதிகள் வேண்டும். இங்கிலாந்தின் பல ஊர்களில் குடும்ப வீட்டை ஆறு பேர் வரை பகிர்ந்து தங்கும் வீடாக மாற்றத் திட்ட அனுமதி தேவையில்லை. உங்கள் நியூஹாம் கவுன்சிலோ 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவு மூலம் அந்தச் சலுகையை நீக்கியிருக்கிறது. அதனால் முதலில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். இரண்டாவது, லைசென்ஸ். ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேர் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்தால் அது கட்டாயம்.

அறைகளை டேப் வைத்து அளந்து பாருங்கள். லைசென்ஸ் விதிப்படி, பெரியவர் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர் இருக்க வேண்டும். மாடியில் உள்ள பாக்ஸ் ரூம் இரண்டரைக்கு இரண்டு மீட்டர் என்றால் 5தான் வரும். கட்டில் நுழைந்தாலும் ஆளை வைக்க முடியாது. கூரை ஒன்றரை மீட்டருக்குக் கீழே சரியும் இடமும் கணக்கில் சேராது.

லைசென்ஸ் இல்லாமல் விட்டால் அபராதம் மட்டுமல்ல, கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்டு மாணவர்களே தீர்ப்பாயம் போகலாம். தீப்பிடித்தால் தப்ப வழியில்லாத தடுப்பறைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. இந்தக் கெடுபிடி நியாயமானதே.

ஹாலைத் தடுக்கும் யோசனையை விடுங்கள். ஒரே குடும்பத்துக்கு விடுங்கள்; அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா என்று கவுன்சிலில் கேட்டுவிட்டே சாவியைக் கொடுங்கள்.