மாரடைப்புக்குப் பிறகு மாத்திரை: கடலோர வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர் இரண்டு மாதத்தில் கரையில் வலை பிரிக்க உட்கார்ந்துவிடுகிறார். “நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?” என்ற பேச்சும் அப்போதுதான் தொடங்கும். அவர் நல்லாயிருப்பதில் பாதி அந்த மாத்திரையின் வேலை. பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் மாத்திரை நின்றுபோவதற்கு வேறு சில காரணங்களும் உண்டு.

1. எந்த மாத்திரை எதற்கு என்று வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருங்கள். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் (சிலருக்கு டிகாக்ரலார்) ரத்தம் உறைந்து அடைப்பதைத் தடுப்பவை. அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்புக்கு. மெட்டோப்ரொலால் துடிப்பை அடக்கும். ராமிப்ரில் இதயம் வீங்கிப் பலவீனமாகாமல் காக்கும். 1988இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில், ஒரு மாதம் ஆஸ்பிரின் மட்டும் தந்ததிலேயே இதய, ரத்தக்குழாய் இறப்புகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தன. சில கேப்சூல்களில் மூன்று மருந்து சேர்ந்தே இருக்கும். அது தெரியாமல் ஆஸ்பிரினைத் தனியாகவும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

2. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்த உறைவைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகள் பெரும்பாலும் ஒரு வருடம் ஓடும். ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் டாக்டர் சோமராஜுவும் சேர்ந்து குறைந்த விலை ஸ்டென்ட் உருவாக்கியது நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் எந்த ஸ்டென்ட்டும் மாத்திரை இல்லாமல் தனியாகக் காக்காது. இடையில் நிறுத்தினால் உள்ளேயே ரத்தம் உறைந்து குழாய் மொத்தமாக அடைபடலாம். பல் பிடுங்கப் போனால்கூட ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவரே முடிவு செய்யட்டும்.

3. கடலுக்குப் போக மருத்துவர் அனுமதித்த பிறகும், “போற அன்னைக்கு மாத்திரை” என்று பழக்கம் வைக்காதீர்கள். விசைப்படகு வாரத்தில் சில நாள்தான் போகும். கரையில் இருக்கும் நாளில் மாத்திரை மறந்துவிடும். காலைக் காப்பியோடு சேர்த்துவிட்டால் நிற்காது. படகில் மாத்திரையை அட்டையோடு தண்ணீர் புகாத டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவும், மருத்துவர் சீட்டின் நகல் ஒன்றும் இருக்கட்டும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் எத்தனை நாளில் திரும்புவோம் என்பது யார் கையிலும் இல்லை. அங்கே அந்தச் சீட்டுதான் பேசும். கடலில் நெஞ்சு வலித்தால் படகை உடனே திருப்புங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

4. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் வருமானம் சுருங்கும். முதலில் கைவைக்கப்படுவது மாத்திரைச் செலவு. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு அட்டையை நீட்டிக்கிறவர்கள் உண்டு. அது சிக்கனமே இல்லை. அரசு மருத்துவமனையில் இவற்றில் பெரும்பாலானவை இலவசம். வெளியே வாங்குவதென்றால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவு. கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒத்துப் பாருங்கள்.

5. ரமலான் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலான மாத்திரைகளை விடியுமுன் சாப்பிடும் சஹரிலும் நோன்பு திறந்த பிறகுமாக மாற்றித் தருவார். மாரடைப்பு வந்து சில வாரமே ஆனவரை நோன்பு வேண்டாம் என்பார். அதைக் கேளுங்கள்.

6. ஒருவேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போட வேண்டாம்.

7. இடுப்பு வலி, தோள் வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வாங்குவது இந்தக் கரையில் சர்வசாதாரணம். மாரடைப்பு வந்தவருக்கு அது ஆபத்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். மலம் தார்போலக் கறுத்தால் அன்றைக்கே மருத்துவமனை.

8. ராமிப்ரிலால் வறட்டு இருமல், டிகாக்ரலாரால் மூச்சுத் திணறல், கொழுப்பு மாத்திரையால் தசை வலி சிலருக்கு வரும். நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொன்னால் மாற்று தருவார்கள். மெட்டோப்ரொலாலைத் திடீரென்று விட்டால் துடிப்பு எகிறும்.

9. கருவாட்டை என்ன கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. இந்துப்பும் உப்புதான். உப்பு கூடினால் உடம்பில் நீர் தேங்கும். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ, கால் வீங்கினாலோ அது இதயம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10. மறுபடி நெஞ்சை அடைத்தால் உட்கார்ந்துகொண்டு, மருத்துவர் தந்திருந்தால் நாக்கடியில் சார்பிட்ரேட் ஒன்று வையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை போட்டிருந்தால் வைக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். அதனால் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இங்கே மிக முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றுமாக 14 மாத்திரைகளை முதல் தவணையாகத் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வீட்டில் நீங்களாக அத்தனையும் போடாதீர்கள்.

11. வெளியூரிலிருந்து தீர்த்தமாட வருகிறவர்களுக்கும் ஒன்று: 22 தீர்த்தமும் முடித்துத்தான் வாயில் எதுவும் போடுவேன் என்றால் காலை மாத்திரை மதியத்துக்குப் போய்விடும். அக்னி தீர்த்தத்தில் இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.