சீட்டில் 'ஏஎஸ்' என்று இருந்தால் நோயா?

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் இருப்பவர்களுக்கு 'சிக்கிள் செல்' என்ற பெயர் புதிதல்ல. இந்தியாவில் இந்த ரத்தக் கோளாறு முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல். ஆனால் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கியதும், "இதுல என்ன எழுதியிருக்கு?" என்ற கேள்வி இன்றும் வருகிறது. வாங்க, ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

அரிவாள் செல் சோகை: ரத்தச் சிவப்பணு உருண்டையாக, மெத்தென்று இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் மாறிப்போனால் அது அரிவாள் போல வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். சீக்கிரம் உடைந்தும் போகும். அதனால்தான் சோகை. இது இரும்புச்சத்துக் குறைவால் வருவதல்ல. "கீரை சாப்பிட்டா சரியாயிடும்" என்பது இதற்குப் பொருந்தாது. டாக்டரைக் கேட்காமல் இரும்புச்சத்து மாத்திரையும் போட வேண்டாம். தொட்டால் ஒட்டுகிற நோயும் இல்லை, பெற்றோரிடமிருந்து பிறவியிலேயே வருவது.

பாசிட்டிவ்: இங்கேதான் பலரும் பயந்துபோகிறார்கள். முதற்கட்டச் சோதனையில் 'பாசிட்டிவ்' என்றால் ரத்தத்தில் 'எஸ்' வகை ஹீமோகுளோபின் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். நோயா, இல்லையா என்பதை 'எச்பிஎல்சி' போன்ற அடுத்த சோதனைதான் சொல்லும். அதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

ஏஏ, ஏஎஸ், எஸ்எஸ்: ஓர் எழுத்து அப்பாவிடமிருந்து, இன்னொன்று அம்மாவிடமிருந்து. 'ஏஏ' என்றால் பாதிப்பில்லை. 'எஸ்எஸ்' என்றால் நோய். 'ஏஎஸ்' என்றால் நீங்கள் கேரியர், அதாவது அந்த மரபணுவைச் சுமப்பவர். பொதுவாக எல்லோரையும் போல வேலை செய்யலாம், வாழலாம். அது பின்னால் 'எஸ்எஸ்' ஆக மாறாது.

கல்யாணப் பேச்சின்போதுதான் இந்த எழுத்து முக்கியமாகிறது. இருவருமே 'ஏஎஸ்' என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. "மூத்ததுக்கு வந்துடுச்சு, இனி வராது" என்பது தப்புக் கணக்கு.

கிரைசிஸ்: திடீரென்று எலும்பிலும் மூட்டிலும் தாங்கமுடியாத வலி. குளிர், காய்ச்சல், உடலில் நீர் குறைவது ஆகியவை இதைத் தூண்டும். நம்ம மலைக் குளிரில் தாகமே தெரியாது. தேயிலை பறிக்கப் போனாலும் தண்ணீர் பாட்டில் கூடவே இருக்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

2023 ஜூலை 1-இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தில், பாதிப்புள்ள பகுதிகளில் 40 வயது வரையிலானவர்களுக்குப் பரிசோதனை செய்யப்படுகிறது. இன்னும் செய்துகொள்ளாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சீட்டில் புரியாத சொல் எதுவாக இருந்தாலும் 104-இல் கேட்கலாம்.