தூண்டிலும் படகு வீடும்

கேள்வி: பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏரிக்கரையில் தங்கி, படகில் சுற்றி, மீன் பிடிக்க ஆசை. பினாங்கிலிருந்து எங்கே போகலாம்?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: யோசிக்காமல் தெமெங்கோர் ஏரிக்குப் போங்கள். பாலிங், கிரிக் வழியாகக் காரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 1970களில் பேராக் ஆற்றை மறித்துக் கட்டிய அணையால் உண்டான ஏரி. கரையோரத்தில் ஒராங் அஸ்லி மக்களின் சிற்றூர்கள் உண்டு. பண்டிங் தீவு ஜெட்டியில் படகு வீடு கிடைக்கும், சாப்பாடும் அதிலேயே. கூட்டமாகப் போனால்தான் வாடகை கட்டுப்படியாகும். அத்தை, மாமா குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே பெயர் பெற்ற மீன் தோமான். நம் விராலுக்கு அண்ணன். நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மூச்சுவாங்க மேலே வந்தால், காவல் காக்கும் பெரிய மீன் அடியில் இருக்கிறது என்று அர்த்தம். பலர் அங்கேதான் தூண்டிலை வீசுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பெரியது போனால் குஞ்சுகளுக்குக் காவல் ஏது? செபாராவ் மீனைத் தேடுங்கள், ஆட்டம் அதிலும் குறையாது.

நெடுஞ்சாலையில் யானைகள் குறுக்கிடும். இருட்டுமுன் போய்ச் சேருங்கள். ஏரியின் வடபகுதியிலுள்ள ரோயல் பெலும், 2007 முதல் மாநிலப் பூங்கா. உள்ளே நுழைய முன்அனுமதி கட்டாயம்.